மாத்தாவை (போலிஸை) வீடியோ எடுக்கலாமா? எப்படி எடுக்கணும், எடுத்ததை என்ன செய்யணும்

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். பொது இடத்துல டியூட்டியில இருக்கிற போலிஸை வீடியோ எடுக்கக்கூடாதுன்னு மலேசியாவில தனியா ஒரு சட்டம் கிடையாது. ரோட்டுல, கடை வாசல்ல, எல்ஆர்டி ஸ்டேஷன் வெளிய, மாமாக் கடை முன்னாடி நின்னு எடுக்கலாம். ஆனா "தாராளமா எடுத்துக்கோ"ன்னு எழுதி வச்ச சட்டமும் கிடையாது, சிக்கலே அங்கதான். அதனாலதான் நம்ம ஆளுங்க கிட்ட கேட்டா ஒருத்தர் "எடுத்தே, உள்ள தூக்கிப் போட்டுருவான்"ம்பார், இன்னொருத்தர் "நம்ம உரிமைலா, மூஞ்சிக்கு நேரா புடி"ம்பார். ரெண்டு பேர் பேச்சையும் கேக்காதீங்க.

என் கணக்கு என்னன்னா, எடுக்கிறதுனால மட்டும் ஒருத்தன் மாட்டுறது கம்மி. எங்க நின்னு எடுத்தான், எடுக்கும்போது என்ன பேசினான், எடுத்ததை எங்க போட்டான், இதுலதான் மாட்டுறான். அதுலயும் போடுறதுதான் ரொம்ப மோசம். கீழ எழுதியிருக்கிறது முக்கால்வாசி அதைப் பத்திதான். நான் லோயர் இல்ல, உங்க மேல ஏற்கனவே கேஸ் ஓடுதுன்னா இதைப் படிச்சுட்டு நிக்காம லோயரைப் பாருங்க.

முதல்ல எந்த சட்டத்தைக் காட்டி மிரட்டுவாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. வழக்கமா வர்றது பினல் கோடு செக்‌ஷன் 186, அதாவது அரசு ஊழியர் வேலையைச் செய்ய விடாம தடுக்கிறது. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். இதுல முக்கியமான வார்த்தை "தடுக்கிறது". பத்து அடி தள்ளி வாயை மூடிக்கிட்டு போனைப் புடிச்சிருக்கிறவன் எதையும் தடுக்கல. ஆனா அவர் ஒருத்தனுக்கு விலங்கு மாட்டிக்கிட்டிருக்கும்போது ரெண்டு பேருக்கும் நடுவுல போனை நீட்டினீங்கன்னா, "தள்ளி நில்லு"ன்னு சொன்னதுக்கப்புறமும் நகராம நின்னீங்கன்னா, 186-ஐ நீங்களே கையில எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடும். தள்ளி நிக்கச் சொன்னா ரெண்டு மூணு அடி பின்னாடி போங்க, போற மாதிரி காமிரால தெரியட்டும், ரெக்கார்டிங்கை நிறுத்த வேணாம். நிறுத்தச் சொல்றது வேற, நகரச் சொல்றது வேற. நகரச் சொன்னா மறுபேச்சு இல்லாம நகர்ந்துடுங்க.

அடுத்தது வாய். சின்னக் குற்றங்கள் சட்டம்னு 1955-ல வந்தது ஒண்ணு இருக்கு, அதுல செக்‌ஷன் 14, கெட்ட வார்த்தை, அவமானப்படுத்துற பேச்சு, நடத்தை எல்லாம் அதுக்குள்ள வரும். ஃபைன் என்னமோ 100 வெள்ளிதான். ஆனா அதுக்காக பாலாய்க்கும் (போலிஸ் ஸ்டேஷன்) கோர்ட்டுக்கும் அலையுற அலைச்சல் இருக்கே, லீவு போட்டுட்டுப் போய் நிக்கணும். எங்க தாமான்ல ஒரு பையன் இருக்கான், அவன் கூட்டாளியை ராத்திரி மாத்தா நிறுத்தி மோட்டரைச் சோதிச்சப்ப வீடியோ எடுத்தான். அப்புறம் எங்க கிட்டக் கொண்டாந்து காட்டினான். பாதி நேரம் அவன் செருப்பும் தார் ரோடும்தான் தெரியுது, மீதி நேரம் டார்ச் லைட் வெளிச்சம் லென்ஸ்ல அடிச்சு எல்லாம் வெள்ளையா இருக்கு, சத்தம்னு பார்த்தா முழுக்க இவன் கத்துறதுதான் கேக்குது, அதிகாரி என்ன பேசினார்னு ஒரு வார்த்தை விளங்கல. வண்டி நம்பர் இல்ல, பேர் பட்டி இல்ல, எந்த ரோடுன்னே தெரியல. அந்த வீடியோவை வச்சு கேஸ் போடணும்னா அவன் மேலதான் போட முடியும்.

இன்னொரு இடம், இதுல விளையாடவே கூடாது. பாலாய் உள்ள, லாக்கப் பக்கம், போலிஸ் காம்பவுண்ட்ல எடுக்காதீங்க. கையைத் தூக்கி நிக்கிற ஆளை நோக்கி ஒரு சோல்ஜர் துப்பாக்கி நீட்டுற மாதிரி படம் போட்ட செவப்பு போர்டு பார்த்திருப்பீங்க, "கவாசான் லாராங்கான்"னு, அதாவது தடை செய்யப்பட்ட இடம்னு எழுதியிருக்கும். அது 1959-ல வந்த பாதுகாக்கப்பட்ட இடங்கள் சட்டத்தோட கீழ வர்ற இடம், அங்க பொது ரோட்டு நியாயம் எதுவும் செல்லாது. உள்ள நடக்கிறதை மண்டையில ஏத்திக்கங்க, வெளிய வந்த உடனே யார், எத்தனை மணி, என்ன சொன்னாங்கன்னு போன்ல டைப் பண்ணி வச்சுக்கங்க.

சரி, ரோட்டுல எப்படி எடுக்கிறது

ராத்திரி ஜாலான் ஈப்போ பக்கம் ரோட் பிளாக் இருக்குன்னு வச்சுக்குவோம். 1967 போலிஸ் சட்டம் செக்‌ஷன் 26 படி தடுப்பு வைக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, செக்‌ஷன் 24 படி வண்டியை நிறுத்தி லைசென்ஸ் பார்க்கலாம், சோதிக்கலாம். அதனால நிக்காமப் போறதைப் பத்தி யோசிக்கவே வேணாம். காடியை நிறுத்துங்க, உள் லைட்டைப் போடுங்க, கண்ணாடியை இறக்குங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல தெரியட்டும். வண்டி ஓடும்போது போனைக் கையில எடுத்தா அதுவே தனி சம்மன். டேஷ்கேம் இருந்தா அது பாட்டுக்கு ஓடட்டும், உள்ள மைக் ஆன் ஆயிருக்கான்னு மட்டும் வீட்டுலயே பார்த்து வச்சுக்கங்க, நெறையப் பேர் வாங்கி மாட்டினதோட சரி, சத்தம் பதிவாகுதா இல்லையான்னு பார்க்கிறதே இல்ல. டேஷ்கேம் இல்லைன்னா பக்கத்துல உக்காந்திருக்கிறவர் எடுக்கட்டும், ஓட்டுறவர் பேசட்டும். ஒரே ஆள் ரெண்டையும் செஞ்சா ரெண்டும் சொதப்பும்.

போனை ஒளிச்சு வைக்காதீங்க. கைக்குள்ள மறைச்சு, பாக்கெட்டுக்குள்ள வச்சு எடுக்கிறதைப் பார்த்தாங்கன்னா நீங்க என்னமோ திட்டம் போட்டு வந்த மாதிரி ஆயிடும், அதுவும் இருட்டுல திடீர்னு பாக்கெட்டுல இருந்து கையை உருவுறது நல்லதுக்கில்ல. நெஞ்சு உயரத்துல வெளிப்படையா புடிங்க, ஃப்ளாஷ் வேணாம், அவர் கண்ணுல லைட் அடிச்சா தடுத்தேன்னு சொல்ல ஒரு காரணம் கிடைச்சிடும். "ஏன் எடுக்கிறே?"ன்னு கேட்டா மலாய்ல அமைதியா, மரியாதையா ஒரே வரி: "துவான், சாயா ராக்காம் உந்தோக் கெசெலமாத்தான் டிரி சஹாஜா, சாயா தாக் காங்கு துகாஸ் துவான்." அதாவது என் பாதுகாப்புக்குத்தான் எடுக்கிறேன், உங்க வேலைக்குக் குறுக்க வரல. இதைச் சொன்னது ரெக்கார்ட் ஆனாலே போதும், பின்னாடி 186-னு வந்தா உங்க குரலே உங்களுக்கு சாட்சி. "எனக்கு சட்டம் தெரியும், ஆர்டிக்கல் 10 தெரியுமா உனக்கு"ன்னு பேச்சுரிமை பேச ஆரம்பிக்காதீங்க. தெரிஞ்சா நல்லது, அதை லோயர் கோர்ட்ல பேசட்டும், நடு ரோட்டுல ராத்திரி ஒரு மணிக்கு அதைக் கேக்க யாரும் நிக்கல.

யூனிஃபார்ம் போடாதவர் நிறுத்தினா கேக்க வேண்டியது வேற: "போலே சாயா தெங்கோக் காட் குவாசா, துவான்?" அதாவது உங்க அதிகார அட்டையைப் பார்க்கலாமா. பார் கவுன்சில் கையேட்டுல இந்தக் கார்டோட கலரை எல்லாம் போட்டிருக்காங்க, மனப்பாடம் பண்ணி வச்சுக்கங்க. நீலம்னா இன்ஸ்பெக்டரும் அதுக்கு மேலயும், மஞ்சள்னா அதுக்குக் கீழ, வெள்ளைன்னா ரிசர்வ். செவப்புன்னா அவர் சஸ்பெண்ட்ல இருக்கிறவர், அவருக்கு எந்த அதிகாரமும் இல்ல. பேரையும் நம்பரையும் வாய் விட்டுப் படிங்க, ரெக்கார்டிங்ல விழட்டும். யூனிஃபார்ம்ல இருந்தா நெஞ்சுல பேர் பட்டியும் நம்பரும் இருக்கும், காமிராவை ஒரு ரெண்டு செகண்ட் அங்க நிறுத்துங்க, அப்புறம் எம்பிவி-யோட (போலிஸ் ரோந்து வண்டி) நம்பர் பிளேட், அப்புறம் சுத்தி இருக்கிற ரோட்டுப் பலகை, கடை போர்டு, ஏதாவது ஒண்ணு. தேதியும் நேரத்தையும் மெதுவா சொல்லுங்க. இது அத்தனைக்கும் முப்பது செகண்ட்கூட ஆகாது, ஆனா புகார் எழுத உக்காரும்போது இதுதான் கைகொடுக்கும்.

முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே துண்டா எடுக்கப் பாருங்க. நடுவுல நிறுத்தி நிறுத்தி எடுத்தா "வெட்டிட்டான், முன்னாடி இவன் என்ன செஞ்சான்னு காட்டல"ன்னு சொல்ல இடம் கொடுத்துடுவீங்க. விசாரணை, பேச்சு முடிஞ்சு நிக்கணுமா போகணுமான்னு புரியலைன்னா கேளுங்க: "அடாக்கா சாயா டித்தாங்காப்?" (என்னைக் கைது பண்றீங்களா?) கைது இல்லைன்னா நீங்க போகலாம். கைதுன்னா எதுக்குன்னு சொல்லணும், அரசமைப்புச் சட்டம் ஆர்டிக்கல் 5 அதைச் சொல்லுது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல செக்‌ஷன் 28ஏ படி சொந்தக்காரர் ஒருத்தருக்கும் லோயருக்கும் தகவல் சொல்லலாம், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். ஒய்பிஜிகே-ன்னு தேசிய சட்ட உதவி அமைப்பு 2012-ல இருந்து இருக்கு, பிடிச்ச கட்டத்திலயும் ரிமாண்ட் கட்டத்திலயும் குடிமக்களுக்கு இலவச லோயர் கிடைக்கும். காசு இல்லைன்னு சொல்லி தனியா நிக்காதீங்க.

ஊர்ல இருந்து வந்து பெர்மிட்ல வேலை செய்ற தம்பிங்களுக்குத் தனியா ஒண்ணு. பேச்சுரிமை சொல்ற ஆர்டிக்கல் 10 குடிமக்களுக்குத்தான், ஆர்டிக்கல் 5 எல்லாருக்கும் பொருந்தும். பாஸ்போர்ட், பெர்மிட் சோதனை நடக்கும்போது நீங்களே போனைத் தூக்காதீங்க, கூட ஐசி (மலேசிய அடையாள அட்டை) வச்சிருக்கிற ஆள் யாராவது இருந்தா அவர் தள்ளி நின்னு எடுக்கட்டும்.

போனைப் புடுங்க வந்தா

இதுதான் எல்லாரும் பயப்படுற கட்டம். ஒரு குற்றத்தோட சம்பந்தம்னு சந்தேகப்பட்டா பொருளைக் கைப்பற்ற நடைமுறைச் சட்டம் செக்‌ஷன் 435 அவங்களுக்கு வழி கொடுக்குது. சும்மா "வீடியோவை அழி"ன்னு சொல்றதுக்கு எந்த செக்‌ஷனும் நான் பார்த்ததில்ல. உண்மையிலேயே குற்றம் நடந்ததுன்னா அது ஆதாரம், ஆதாரத்தை யாராவது அழிக்கச் சொல்வாங்களா? அதையே மரியாதையாத் திருப்பிக் கேக்கலாம். கேட்டும் கையை நீட்டினா இழுபறி மட்டும் வேணாம், போனுக்காக மல்லுக்கு நின்னா அதிகாரி மேல கை வச்சேன்னு பெரிய செக்‌ஷனாப் போயிடும். கொடுங்க, ஆனா எதுக்குக் கேக்குறீங்க, எந்தச் சட்டத்துல எடுக்குறீங்க, உங்க பேர் என்னன்னு கேட்டுக்கிட்டே கொடுங்க, கைப்பற்றினதுக்கு லிஸ்ட் கேளுங்க.

பாஸ்வேர்ட் விஷயம் கொஞ்சம் சிக்கல். அதே நடைமுறைச் சட்டம் செக்‌ஷன் 116பி படி, சட்டப்படி சோதனை நடத்துற இன்ஸ்பெக்டர் ரேங்க்குக்குக் குறையாத அதிகாரிக்கு கம்ப்யூட்டர் தகவலைத் திறந்து கொடுக்கணும், பாஸ்வேர்டும் அதுல சேரும். அதனால "எப்பவுமே கொடுக்க வேணாம்"னு சொல்றவன் பேச்சையும் நம்பாதீங்க. ரேங்க் என்ன, என்ன கேஸ்னு விசாரிங்க, லோயர் கிட்ட பேசிட்டு கொடுக்கிறேன்னு சொல்லிப் பாருங்க.

இதெல்லாம் வராம இருக்கிறதுக்கு வீட்டுலயே செய்ய வேண்டிய வேலை ரெண்டு. கைரேகை, முகம் வச்சுத் திறக்கிறதை விட நம்பர் லாக் நல்லது. அப்புறம் கூகுள் ஃபோட்டோஸோ ஐகிளவுடோ, வீடியோ தானா ஏறுற மாதிரி செட் பண்ணுங்க, வைஃபை இருந்தா மட்டும்தான் ஏறணும்னு இருக்கிறதை மாத்தி டேட்டாலயும் ஏற விடுங்க. நம்மள்ல பாதிப் பேர் டேட்டா மிச்சம் புடிக்கிறேன்னு அதை ஆஃப் பண்ணி வச்சிருப்போம், அவசரத்துக்கு உதவாமப் போறது அதுனாலதான்.

எடுத்தாச்சு, இப்ப கையைக் கட்டிப் போடுங்க

வீடு வந்த உடனே டிக்டாக்ல போடணும்னு கை அரிக்கும். போடாதீங்க, இன்னைக்குப் போடாதீங்க. காரணம் சொல்றேன்.

தொடர்பு, மல்டிமீடியா சட்டம் 1998, அதுல செக்‌ஷன் 233. பொய்யான, மிரட்டுற, ரொம்பக் கேவலப்படுத்துற விஷயத்தை அடுத்தவனைத் தொந்தரவு பண்ணணும்கிற எண்ணத்தோட ஆன்லைன்ல போடுறது குற்றம். 2025 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முன்னாடி ஃபைன் 50,000 வெள்ளி வரைக்கும், இப்ப அது 500,000 வரைக்கும், ஜெயில் ரெண்டு வருஷம் வரைக்கும். வீடியோ உண்மைதான், ஆனா அது மேல நீங்க எழுதுற கேப்ஷன் உண்மையான்னு பாருங்க. "இவன் லஞ்சம் வாங்குறான்"னு எழுதி, வீடியோல லஞ்சம் வாங்குறது தெரியலைன்னா பொய், அவதூறு ரெண்டும் வந்து நிக்கும், அவதூறு இங்க பினல் கோடு செக்‌ஷன் 500 படி கிரிமினல் குற்றமும்கூட. "அந்த அக்கவுண்ட் நான் இல்ல"ன்னும் சுலபமாத் தப்ப முடியாது. சாட்சியச் சட்டம் 114ஏ படி உங்க பேர், படம் இருக்கிற அக்கவுண்ட்ல வந்தா நீங்கதான் போட்டீங்கன்னு எடுத்துக்குவாங்க, இல்லைன்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலையில. க்ரூப் அட்மின்களும் இதைக் கொஞ்சம் படிச்சு வச்சுக்கங்க.

அதிகாரியோட வீட்டு அட்ரஸ், பொண்டாட்டி பிள்ளைங்க படம், போன் நம்பரைத் தேடி எடுத்துப் போடுற ஆளுங்களும் இருக்காங்க. 2025 ஜூலைல பினல் கோடுல 507பி ல இருந்து 507ஜி வரைக்கும் புதுசா சேர்த்திருக்காங்க, தொந்தரவு பண்றதுக்காக ஒருத்தரோட அடையாள விவரத்தைப் பரப்புறது அதுல குற்றம். அது தவிர, அந்தாளு செஞ்ச தப்புக்கு அவர் பிள்ளை என்ன பண்ணும்?

வீடியோல சின்னப் பிள்ளைங்க இருந்தா முகத்தை மறைக்காம வெளிய விடவே கூடாது, 2001 சிறுவர் சட்டம் அதுல ரொம்பக் கண்டிப்பு. பிடிபட்டவன் முகத்தையும் மறைங்க. அவன் குற்றவாளியான்னு கோர்ட் இன்னும் சொல்லல, நாளைக்கு அடையாள அணிவகுப்பு வச்சா ஊரே அவன் மூஞ்சியைப் பார்த்திருந்தா அவன் கேஸ்தான் கெட்டுப் போகும்.

இன்னொண்ணு, இது நெறையப் பேருக்குத் தெரியாது. தகவல் கொடுக்கிறவங்களைப் பாதுகாக்கிற சட்டம் ஒண்ணு 2010-ல வந்தது. அந்தப் பாதுகாப்பு அமலாக்க ஏஜென்சி கிட்டப் போய் சொன்னாத்தான் கிடைக்கும். நேரா வைரல் பண்ணிட்டு அப்புறம் போய் பாதுகாப்பு கொடுன்னா கிடைக்காது.

வீடியோவுக்கு வேல்யூ இல்லைன்னு சொல்ல வரல. 2005-ல லாக்கப்புல ஒரு பொண்ணைத் துணியில்லாமத் தோப்புக்கரணம் போட வச்ச போன் வீடியோ வெளிய வந்துச்சு, நாடே கொதிச்சுது, விசாரணை ஆணையம் உக்காந்துச்சு, அப்புறம்தான் உடம்பைச் சோதிக்கிறதுக்குன்னு நடைமுறைச் சட்டத்துலயே விதி வந்துச்சு. 2009-ல குகன்ங்கிற இளைஞர் போலிஸ் காவல்ல செத்தப்ப குடும்பம் பிணவறையில எடுத்த படங்களைப் பார்க்காத தமிழ் வீடு குறைவு, 2013-ல ஹைகோர்ட் அவர் அம்மாவுக்கு 8 லட்சம் வெள்ளிக்கு மேல நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிச்சு. ஆனா குகன் கேஸ்ல படம் மட்டும் போய் கோர்ட்ல பேசல, ரெண்டாவது போஸ்ட்மார்ட்டம், லோயர், நாலு வருஷ அலைச்சல் எல்லாம் பின்னாடி நின்னுச்சு.

அதனால வரிசை இப்படி இருக்கட்டும். ஒரிஜினல் ஃபைலைத் தொடாதீங்க, வெட்டாதீங்க, பேர்கூட மாத்தாதீங்க. வாட்சப்ல சாதாரணமா அனுப்பினா அது வீடியோவைச் சுருக்கிடும், லோயருக்கு அனுப்பும்போது டாக்குமெண்ட்டா அனுப்புங்க. ஒரு காப்பி பென்டிரைவ்ல. அன்னைக்கு ராத்திரியே நடந்ததை வரிசையா எழுதி வைங்க, கூட இருந்தவங்க பேரோட. அடி கிடி பட்டிருந்தா அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் கிட்டக் காட்டி ரெக்கார்ட் ஆக்குங்க, காயத்தைப் படமும் எடுங்க. போலிஸ் ரிப்போட் எந்த பாலாய்லயும் போடலாம், சம்பவம் நடந்த ஏரியாவிலதான் போடணும்னு இல்ல, காப்பி வாங்காம வெளிய வராதீங்க.

போலிஸ் மேல புகார்னா ஐபிசிசி, அதாவது சுயேச்சை போலிஸ் நடத்தை ஆணையம், 2023 ஜூலை 1-ல இருந்து வேலை செய்யுது. போலிஸுக்குள்ளேயே ஜிப்ஸ்னு நேர்மைப் பிரிவு இருக்கு, அங்கேயும் கொடுக்கலாம். மனித உரிமை மீறல்னா சுஹாக்காம், அதாவது மனித உரிமை ஆணையம். எங்க கொடுத்தாலும் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்க, பதில் வரலைன்னா அந்த நம்பரை வச்சு திரும்பக் கேளுங்க, ஒரு தடவை கொடுத்துட்டு உக்காந்துட்டா ஃபைலும் உக்காந்துடும்.

"கோப்பி காசு"ன்னு லஞ்சம் கேட்டாங்கன்னா அது எஸ்பிஆர்எம்-க்கு (ஊழல் தடுப்பு ஆணையம்) போற கேஸ், 1-800-88-6000. இங்க ஒண்ணை நல்லாக் கேட்டுக்கங்க. கேக்குறதை ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு, அம்பது வெள்ளியையும் நீட்டிட்டு, அப்புறம் வீடியோவைத் தூக்கிட்டுப் போனீங்கன்னா கொடுத்த குற்றம் உங்க மேல நிக்கும். 2009 எஸ்பிஆர்எம் சட்டத்துல கொடுக்கிறவனுக்கும் வாங்குறவனுக்கும் ஒரே அளவு, 20 வருஷம் வரைக்கும் ஜெயில், லஞ்சத் தொகையில அஞ்சு மடங்கு இல்ல 10,000 வெள்ளி, இதுல எது பெருசோ அது ஃபைன். "சம்மன் எழுதுங்க துவான்"னு சொல்லிட்டு சம்மனை வாங்கிக்கங்க, அவர் கேட்ட வார்த்தை ரெக்கார்டிங்ல இருந்தாப் போதும், மறுநாள் காலையிலயே அந்த நம்பருக்கு அடிங்க.